சிமியோன் கிணற்று மீன்கள்

கெண்டைக்குக் கட்டின தூண்டிலை விராலுக்குப் போட்டால் கையில் நூல்தான் மிஞ்சும், ஐயா. கனபேருக்கு இது விளங்குவதில்லை. மீன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

கெண்டைக்குப் பனை ஈர்க்குப் போதும். ஒற்றைப் பட்டு நூல், எள்ளளவு முள், ஒரு சோற்றுப் பருக்கை. கெளுத்திக்கு ஈயம் கட்டி அடியில் கிடத்தவேண்டும்; மண்புழுவைக் குத்தினால் தானாக வந்து விழுங்கும். விராலுக்கு முற்றின மூங்கில், முறுக்கு நூல், உயிரோடு ஒரு தவளைக்குஞ்சு. தவளை துடிக்கவேண்டும். செத்ததை விரால் திரும்பியும் பார்க்காது. என்னிடம் நூல் சுற்றுகிற றீலும் உண்டு. றோட்டுப் போட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர், போகும்போது சில முட்களோடு தந்துவிட்டுப் போனது. புத்தூர்ப் பக்கம் வேறொருவரிடமும் அந்த முள் இல்லை. குளத்துக்கு றீல் தேவையில்லை. கிணற்றுக்கு உதவியது.

நான் புகையிலைத் தோட்டக்காரன். மீசை முளைக்க முன்னரே தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க ஏறினவன். எங்கள் கிணற்றுக்குச் சிமியோன் வீட்டார் தண்ணீருக்கு வருவார்கள். அவர்கள் அள்ளக்கூடாது, நாங்கள்தான் அள்ளி ஊற்றவேண்டும். ஊர் வழக்கம் அது, நான் வைத்ததல்ல. ஒருநாளும் இல்லையென்று சொன்னவனுமல்ல. தோட்டத்துக்கு இறைத்து, மாட்டுக்கும் காட்டின பிறகு ஊற்றுவேன். சிமியோனின் பெண்சாதி சின்னத்தங்கம் வயிற்றுப்பிள்ளையோடு வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றிருக்கிறாள். “நயினார், ஒரு குடம்” என்பாள். அதைக் கேட்டால் எனக்கு இடுப்பு நோவு தெரியாது.

பிறகு சிமியோன் கிறிஸ்து வேதத்துக்கு மாறினான், அந்தப் பெயரும் அப்போது வைத்ததுதான். மாறினவன் சும்மா இருக்கவில்லை. தன் வளவில் அலவாங்கால் சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டினான். உள்ளங்கை கிழிந்து, துணி சுற்றிக்கொண்டு வெட்டினான். கல்லுடைக்கிற வலி எனக்குத் தெரியும், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்களுடையதைவிட நல்ல தண்ணீர்.

புதுக்கிணற்றில் மீன் விடுவது வழமை. மீன் செத்து மிதந்தால் ஒருவரும் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கமாட்டார்கள். சிமியோன் குளத்திலிருந்து கொஞ்சக் கெண்டையும் ஒரு விராலும் கொண்டுவந்து விட்டான்.

ஒருநாள் ஒழுங்கையில் சின்னத்தங்கத்தைக் கண்டேன்.

“என்ன, இப்ப தண்ணிக்கு வாறேல்லை?”

“எங்கடை கிணத்திலையே ஊறுது, நயினார்.”

பின்னால் வந்த சிமியோன் சிரித்தான். “தோட்டம் கொத்திக் களைச்சால் வாருங்கோவன். நான் அள்ளி ஊத்திறன். நீங்கள் கையை ஏந்தினால் போதும்.”

பகிடிதான். நானும் சிரித்தேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இறைப்பு முடிந்து கிணற்றடியில் நின்றேன். ஒருவரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேதக் கோயிலுக்குப் போன நேரம் போனேன். பட்டப்பகல். கறையானுக்கென்று வாங்கின பாஷாணம் என்னிடம் இருந்தது. மீன் மிதந்தால் காரியம் கெடும், ஆகவே முதலில் மீனை எடுக்கவேண்டும். மீனைக் காணாவிட்டால் பயமில்லை. கிணற்றுக்குக் கிணறு நிலத்துக்குள்ளால் வழியுண்டு, கோடையில் மீன் பொந்தால் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். சின்னத்தங்கமும் நம்புவாள்.

கிணற்றுக்கட்டில் நின்று நீளத் தடி வீச முடியாது. குட்டைத் தடியில் றீலைப் பூட்டி நூலை நேரே இறக்கினேன். கெண்டைகள் சோற்றுக்கு ஒவ்வொன்றாக ஏறின. விராலுக்கு நூலை மாற்றியிருக்கவேண்டும். தவளையைக் குத்தி, எஞ்சினியரின் முள்ளைக் கட்டினவன், நூலை மாற்றவில்லை. அது அறுத்துக்கொண்டு முள்ளோடு பொந்துக்குள் போயிற்று. உங்கள் மேசையில் கிடப்பது அந்த முள்தான்.

போனால் போகட்டும் என்று பாஷாணத்தைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் முழங்காலளவுதான் கிடந்தது.

விரால் மேலே வந்து மூச்செடுக்கிற மீன், சுணங்கித்தான் சாகும். அன்று பின்னேரமே மிதந்திருந்தால் அவர்கள் குடித்திருக்கமாட்டார்கள். விரால் சுணங்கினதற்கு நான் என்ன செய்ய. சிமியோன் போனான், மூத்த பெட்டை போனாள், சின்னவனும் போனான். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகக் குடிக்க இருந்தபடியால் சின்னத்தங்கம் தப்பினாள். அடுத்தநாள் விரால் வாயில் அந்த முள்ளோடு மிதந்தது.

ஓம் ஐயா, நான்தான் செய்தேன். சாவார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். எல்லோரும் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. தண்ணீருக்கு வர ஆள் வேண்டுமே.

அந்தக் கிணற்றை மூடின பிறகு சின்னத்தங்கம் எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். வேறெங்கே போவாள். “நயினார்” என்று அழைக்கவில்லை, குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் குறை பிடிக்கவில்லை. குடம் வழிய வழிய ஊற்றினேன். நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்று காலையும் ஊற்றினேன்.

இனி, பாவம், அவளுக்கு ஆர் ஊற்றுவார்கள் என்பதுதான், ஐயா, என்னுடைய யோசனை.