குணாளனுக்குப் பொருந்தும் பை

மலிவு விலையில் பிவி பேக் வாங்குகிறவர்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள், சார். அளவைப் பார்ப்பதில்லை. கூடாரம் சுமக்க முடியாதவர்கள் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் மழைப்பை அது. ஆளின் உயரத்துக்கு மேல் ஒரு சாண் வேண்டும். படுத்தபடியே கையை மடக்கி முகத்தைத் தொட முடிய வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். பையில் அப்படியில்லை, குறைந்தால்தான் நஞ்சு. குணாளனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

கூலிம் தொழிற்சாலையில் அவன் என் லைனில் வேலை செய்தான். இரவு ஷிப்ட் காலை ஏழுக்கு முடியும். பகலில் வீட்டில் தூங்க முடியாது. பக்கத்து வீட்டில் எப்போதும் சுவரைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் விடுமுறை தொடங்கும் நாளில் மோட்டார் சைக்கிளில் நேராகக் கரங்கானுக்குப் போய், ஆற்றோரக் காட்டில் படுப்போம். முதல் தடவை போனபோதே அவனுக்கு வழக்கத்தைச் சொன்னேன். நுழையும் இடத்தில் முனியாண்டிக்கு ஒரு சுருட்டு. காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேர் சொல்லிக் குரல் வந்தால் பதில் கொடுக்கவும் கூடாது, கூப்பிடுவது ஆளாக இருக்காது. அண்ணன், தம்பி என்று முறை சொன்னால் குற்றமில்லை. ஐந்து வருஷமாக இப்படித்தான். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ரமணி என் தங்கை. பெற்றோர் போன பிறகு பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் ரவிக்கை தைப்பாள். நான் எந்த ஷிப்டில் வந்தாலும் கேட்டைத் திறந்து, சோற்றைச் சூடாக வைப்பாள். தைப்பூசம் கழிந்து குணாளன் அவளைப் பெண் கேட்டான். அவளுக்கு முப்பத்தாறு வயது. மறுத்தால் ஊர் சிரிக்கும். சரி என்றேன். கல்யாணம் முடிந்ததும் இருவரும் தெற்கே ஜொகூருக்குப் போய்விடுவதாகத் திட்டம். அன்று முதல் கேட் சத்தம் கேட்டாலே எனக்குப் பயமாக இருந்தது, சார். ஜொகூரில் அவளுக்கு யாரைத் தெரியும்? அவளுடைய நல்லதை யோசிக்க என்னை விட்டால் ஆளில்லை.

அவனுக்கு ஒரு புதுப் பை வாங்கித் தர அவள்தான் ஆசைப்பட்டாள். ஹாலில் நிற்க வைத்து டேப்பால் அளந்தாள்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க லா, அளவு தப்பிப் போகும்" என்று அவனை அதட்டினாள். பிறகு என்னிடம், "அண்ணே, பெரிசா பாத்து ஆர்டர் பண்ணுங்க. இவரு தூக்கத்துல உருளுவாராம்" என்றாள்.

ஆறடி ஒரு அங்குலம். நான் ஐந்தடி மூன்று. அவள் சொன்ன பெரிய பைதான் வந்தது. அதை என் அலமாரியில் வைத்துவிட்டு, என் அளவில் இன்னொன்று வாங்கி, பெரியதன் உறைக்குள் சுருட்டி வைத்தேன். கடைக்காரன் மாற்றி அனுப்பிவிட்டான் என்று முதல் நாள் ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேனே, அது உண்மையில்லை. பெரிய பையை எறிந்திருக்கலாம். நல்ல பை, மனம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மலையில் கனமழை என்று போன் காட்டியது. அவனை ஆற்றோர மணலில் படுக்கச் சொன்னேன், அங்கேதான் மெத்தென்று இருக்கும். நான் மேட்டில், வேரடியில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ரொம்ப டைட்டா இருக்கு லா. கையை எடுக்க முடியல."

"புதுசுல்ல தம்பி. படுக்கப் படுக்க நெகிழ்ந்துடும்."

அந்தத் துணி நெகிழாது. அட்டை ஏறும் என்று சொல்லி, மூக்குக்கு மட்டும் இடம் விட்டுக் கழுத்துக் கயிற்றை நானே இழுத்து இறுக்கினேன். மலிவுப் பைகளில் கயிற்றுப் பூட்டு வெளிப்பக்கம் இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவன், உடனே தூங்கிவிட்டான்.

காலை ஒன்பதரைக்கு ஆற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறமானது. காய்ந்த இலைகள் கூட்டமாக மிதந்து வந்தன. இங்கே கெப்பாலா ஆயர் என்பார்கள், மலை மழை மொத்தமும் ஒரே வீச்சில் இறங்குவது. இலை வந்தால் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று அர்த்தம். என்னிடமிருந்து அவனுக்குப் பதினைந்து அடி. முந்தின வாரமே தனியாகப் போய் நடந்து பார்த்திருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பெரிய பையை என் அலமாரியில் கண்டெடுத்தது ரமணி. மடியில் விரித்து அளந்து பார்த்தாள். "அண்ணே, இது அவரோட அளவு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வருவாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் கூப்பிட்டானா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். கூப்பிட்டான். தண்ணீர் காலிலிருந்து அவன் இடுப்பு வரை ஏறியபோது "தேவண்ணே" என்றான். பை புரண்டபோது மறுபடியும் "தேவண்ணே" என்றான். பேர் சொல்லிவிட்டான், அதனால் நான் பதில் கொடுக்கவில்லை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், பதற்றத்தில் மறந்திருப்பான்.

மூன்றாவது தடவை அவன் பேர் சொல்லவில்லை, சார். "மச்சான்" என்றான். அதுவரை ஒருநாளும் என்னை அப்படி முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பதில் கொடுத்திருக்கலாம். நான் உட்கார்ந்தே இருந்தேன்.