புள்ள தலை மேல அடிச்ச சத்தியம்

ஹலோ... கத்தாதீங்க குரு மாமா, கத்தாதீங்க. கத்துனா நான் சரின்னு சொல்லிடுவனா?... ஆமா... ஆமா, நான்தான் சொன்னேன். இளம்பரிதிக்கு எங்க வூட்டு ஓட்டு இல்லன்னு சொன்னேன். யாரு வந்து கேட்டாலும் சொல்லுவேன்.

...

அவரு இல்லீங்க. போன்ல உங்க பேரு வந்ததுமே உங்க தம்பி என் கையில குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. மாடு இப்பத்தான் குடிச்சுது.

...

சொந்தக்காரர்தான், யாரு இல்லன்னது? உங்க வூட்டு அக்காவுக்கு சித்தப்பா மவன். ஜெயிச்சா நமக்கு நல்லதுதான், சரி. ஆனா மொரப்பூர் பஸ் ஸ்டாண்டுல மைக்கப் புடிச்சு என்னா பேசுனாரு? நானும் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன். "பெத்தாத்தான் புள்ள. வெளியில இருந்து தூக்கியாந்ததுக்கெல்லாம் பரம்பரை நெலத்துல பங்கு குடுக்கறத நிறுத்தணும், நான் எம்மெல்லே ஆனா அதுக்குப் பேசுவேன்"னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நீங்களுந்தான் தட்டுனீங்க, நான் பாத்தேன். எம்பொண்ணு தீர்த்தனா கையில ஐஸு உருகி ஒழுகுது, "அம்மா, வெளியிலன்னா எங்கம்மா?"ன்னு கேக்குது. ஆறு வயசுப் புள்ளைக்கு நான் என்னான்னு சொல்றது?

...

பொதுவாப் பேசுனாரா? நம்ம ஊருல தத்து எடுத்த வூடு வேற எது இருக்குது, சொல்லுங்க பாப்போம்.

...

இல்லீங்க, எதுத்து நிக்கற அருண்குமாரு ஆளுங்க யாரும் என்னைய வளைக்கல. அந்தாளு பேசுனதும் எனக்கு முழுசாப் புடிக்கலதான். "அநாதைக்கு வாழ்வு குடுத்த தெய்வங்களே, மேடைக்கு வாங்க"ன்னு கூப்புடறாரு. புள்ளைய மாலை போட்டு நிக்க வெச்சு வேடிக்க காட்டவா? நாங்க யாருக்கும் வாழ்வு குடுக்கல. புள்ள இல்லாம கெடந்தோம், புள்ள வந்துச்சு, அவ்ளோதான். ஆனா தத்துக்கு எழுதி வெச்சுட்டு வருசக்கணக்கா வாசலப் பாத்துக் கெடக்கறாங்களே, அதச் சீக்கிரமா ஆக்கச் சொல்லிக் கேப்பேன்னாரு. அப்படிக் கெடந்தவ நான். அந்த ஒண்ணுக்காகப் போடலாம்னு தோணுது... மூணாவதா நிக்கறவரா? அவரு இதப்பத்தி வாயே தொறக்கல. போரு தண்ணி, ரோடு, அதோட சரி. அப்ப நான் யாருக்குப் போடறது, நீங்களே சொல்லுங்க.

...

ம்... ம்... வந்துட்டீங்களா அதுக்கு. சத்தியம். அதத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்.

...

இருங்க, நான் பேசிக்கறேன். பங்காளிங்க கோயில்ல கூடி கற்பூரம் அணைச்சு, இன்னாருக்குத்தான் ஓட்டுன்னு சத்தியம் பண்றது எல்லா எலக்ஷனுக்கும் நடக்கறதுதான். எல்லாரும் கற்பூரத்த அணைச்சாங்க, போனாங்க. உங்க தம்பிய மட்டும் எதுக்கு, எங்க ரெண்டு ஓட்டும் இளம்பரிதிக்குத்தான்னு புள்ள தலையில கை வெச்சு சொல்லச் சொன்னீங்க?... பொண்டாட்டி பேச்சக் கேக்கறவனா? கேட்டாத்தான் என்னா கெட்டுப் போச்சு?... உங்களுக்கும் ரெண்டு பசங்க இருக்கறாங்கல்ல, அவங்க தலையில நீங்க கை வெச்சீங்களா?... பாத்தீங்களா. அவனுங்க தலைன்னா பயம்.

...

என்னாது?... ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க மாமா. உங்க கால வேணா புடிக்கறேன், அதச் சொல்லாதீங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது... நேத்து சும்மா தும்முச்சு, ராத்திரி பூரா நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். பூத்துக்குள்ள நான் எதை அமுக்கறேன்னு உங்களுக்குத் தெரியப்போறதில்ல. கோயில்ல இருக்கறவளுக்குத் தெரியுமே. அதான் எனக்கு...

...

ஒரு நிமிசம். ஒரு நிமிசம் இருங்க. நெலம்னு வந்தா அவ வெளியில இருந்து வந்தவ. சத்தியம்னா மட்டும் நம்ம வூட்டுப் புள்ளையா? பங்குக்கு ஆவாத புள்ள, கை வெக்க மட்டும் ஆவுமா?

...

ஹலோ?... கேக்குது, கேக்குது. ரயிலு போவுது, அதான். சொல்லுங்க.

...

ம்... என்னான்னு?... மறுக்கா சொல்லுங்க.

...

நான் கோயிலுக்கு வந்து... பங்காளிங்க முன்னால... "இது எங்க ரத்தம் இல்ல, எங்க வம்சம் இல்ல"ன்னு சொல்லணும். சொல்லிட்டா சத்தியம் செல்லாது, பூசாரி தண்ணி தெளிச்சு எடுத்துடுவாரு. அப்புறம் நான் யாருக்கு வேணா போட்டுக்கலாம். அதான?

...

ஒரே ஒரு வார்த்ததானா?... அந்த வார்த்தைய வெச்சுத்தான நாளைக்குக் கெணத்துமேட்டு நெலத்துல அவளுக்குப் பங்கு இல்லம்பீங்க. ஊரே கேக்க அம்மாக்காரியே சொன்னாளேம்பீங்க... நெலம் கெடக்குது, விடுங்க! அவ பெரியவளாயி, எங்கம்மா கோயில்ல நின்னு நான் அவ புள்ள இல்லன்னு சொன்னாளாமேன்னு வந்து கேட்டா? அப்ப நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?

...

இல்லீங்க... இல்லீங்க... வரமாட்டேன். பூசாரிகிட்டப் பேச வேணாம். அவ என் புள்ள.

...

ஆமா... ஆமாங்க, அப்ப சத்தியம் செல்லும். தெரியுது, என் வாயாலயே ஒத்துக்கிட்டேன்... அப்ப இளம்பரிதிக்குத்தான் போட்டாவணும், அதுவும் தெரியுது. அவ என் புள்ளங்கறதுக்காகவே, அவள வெளியில தள்றவருக்குப் போடணும். இதுல உங்களுக்குச் சிரிப்பு வேற வருதா?

...

ஏங்க! இங்க வாங்க. உங்க அண்ணன்கிட்ட நீங்க வாயத் தொறந்து பேசுங்க. வாங்கன்னா...

மாமா, வெக்காதீங்க, இவரு பேசறாரு... ஹலோ?... ஹலோ...

வெச்சுட்டாரு.

நான் கலைமதிங்க, மொரப்பூர் பக்கம். போன்ல பேசுனது எங்க வூட்டுக்காரரோட அண்ணன். அவரு சொன்னதையெல்லாம் இங்க போட எனக்கு மனசு வரல, நான் பேசுனத மட்டும் போட்டிருக்கேன். நாளன்னைக்கு ஓட்டு. இந்த குரூப்புல தத்து எடுத்தவங்க நெறையப் பேரு இருக்கீங்க. சட்டப்படி எம்புள்ளைக்குப் பங்கு உண்டுன்னு எனக்குத் தெரியும், அதச் சொல்ல வேணாம். புள்ள தலை மேல அடிச்ச சத்தியத்த மீறுனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. உங்க புள்ள நல்லா இருக்குதா? அத மட்டும் பதில் போடுங்க.