என் கோட்டில் கண்ணாடி உடையவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சந்தோஷம் வந்தால் எனக்குச் சிரிப்பை அடக்க வராது. என் கல்யாணத்திலேயே சிரித்துத் தொலைத்தவன் நான். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட் வெடித்தால் எவ்வளவு தூரத்துக்குச் சேதம் என்று கணக்குப் போடுவது என் வேலை. மேல் தொட்டியில் திரவ ஆக்சிஜன், கீழ்த் தொட்டியில் மண்ணெண்ணெய். தொட்டி கிழிந்து இரண்டும் எவ்வளவு கலக்கிறதோ அவ்வளவுதான் வெடிக்கும். ஐந்தில் ஒரு பங்கு கலக்கும் என்பது என் கணிப்பு. அதை வைத்துத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டேன். கோட்டுக்கு வெளியே ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையாது.

ஏவுதளத் தலைவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். எல்லோரையும் எட்டவே நிறுத்துகிறேன் என்று எனக்கு 'தூரத்துச் சொந்தம்' எனப் பெயரே வைத்துவிட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் விடமாட்டார்.

"வெடிச்சாத்தானே மாப்பிள்ளை உங்க கணக்கு சரியா தப்பான்னு தெரியும்? இத்தனை வருஷமா ஒரு பட்டாசுகூட வெடிக்கலையே."

என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன், ஆனால் வயிறு எரியும். போன மாதம், நடந்து நடந்து கால் வலிக்கிறதென்று கட்டுப்பாட்டு அறையையே கோட்டுக்கு வெகு உள்ளே, ராக்கெட்டுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். மேலிடமும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதும் நியாயம்தான். வெடிக்காமல் எப்படித் தெரியும்?

எரிபொருள் நிரப்பிப் பார்க்கும் ஒத்திகை வந்தது. ஆய்வுக்குப் போவதுபோல் போய், தொட்டியில் அழுத்தம் ஏறினால் தானே திறக்க வேண்டிய வால்வைத் திறக்கவிடாமல் செய்தேன். ஆபத்து ஆபத்து என்று கத்துகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? துள்ளிக் குதிக்காத குறையாகக் கோட்டுக்குத் திரும்பி, அங்கிருக்கும் என் அறை ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்தேன்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த மச்சானுக்குப் போன் செய்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துடுங்க மச்சான்."

"ஏன், வெடிக்கப்போகுதா?"

"வெடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"தோத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்றேன் மாப்பிள்ளை, போதுமா?"

பின்னால் ஆறேழு பேர் சிரிப்பது கேட்டது.

வால்வைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் வந்துவிடுவார்களே. காலி அறை சிதறினால் என் கோட்டை யார் மதிப்பார்கள்?

வெடித்தது. ஐயா, என்ன அழகு. கட்டுப்பாட்டு அறை இருந்த இடத்தில் அறை இல்லை. என் ஜன்னல் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. ஒரு கீறல் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு, நான் சொன்னதேதான். எனக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும்கூட.

தோற்றேன் என்று சொல்ல மச்சான் இல்லையே என்பது ஒன்றுதான் வருத்தம். என் மனைவி வெளியே அழுதுகொண்டிருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் சொல்லுங்கள், நான் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருந்தால் அவள் அண்ணன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.