முதல் பதிவு மட்டும்

வீட்டில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும்போது இன்னொன்று வாங்குகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. தேடிப் பார்த்தால் முதலாவது கிடைத்துவிடும். என் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு மருத்துவமனையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எங்களுக்கு அனுப்பும். பதற்றத்தில் ஒரே நோயாளி இரண்டு மூன்று இடங்களில் பதிந்திருப்பார். அவரை ஒரே ஆளாக்கிப் பொதுப் பட்டியலில் சேர்ப்பது நான் எழுதிய ஸ்டைல்ஷீட் என்ற நிரல். பதிவுகள் தேதி வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆளை அடையாளம் காண ஒரு சாவி. ஒரே சாவி உள்ளவை ஒரு கட்டு. அந்தக் கட்டின் முதல் பதிவு தேறும். மற்றவற்றை அது அழிப்பதில்லை. எழுதாமல் விடுகிறது, அவ்வளவுதான். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நானும் அந்தப் பட்டியலில் இருந்தேன். என் தம்பியும் இருந்தான். நாங்கள் இரட்டையர், ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்போம். நோய்கூட ஒன்றுதான். நான் முந்திப் பதிந்தேன். ஆனால் அவன் உடம்பு வேகமாகச் சரிந்ததால் அவனுக்கு முன்னுரிமைப் புள்ளிகள் கூடின. எங்களுக்குப் பொருந்துகிற சிறுநீரகம் வந்தால் முதலில் அவனுக்கு.

"உனக்கென்னடா, ஆபீஸ் போற அளவுக்குத் தெம்பா இருக்கே. முதல்ல அவன் பொழைக்கட்டும்," என்றாள் அம்மா.

தம்பி சிரித்தான். "எனக்கு வந்தா பாதி வெட்டித் தர்றேன்டா."

சாவியில் முதலில் நோயாளியின் பெயரும் இருந்தது. பெயர், பிறந்த நாள், அப்பா பெயர், முகவரி. ஆனால் பெயரை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாக எழுதி, ஒரே ஆளை இரண்டாக்கிவிடுகிறது. அதனால் பெயரை எடுத்தேன். எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து சொல்லக்கூடிய காரணம்.

ஆபீஸில் நிரலைச் சோதனை பார்க்கிற அக்கா மட்டும் நாற்காலியைத் திருப்பிக் கேட்டாள். "ஏம்ப்பா, ரெட்டைப் பிள்ளைங்க வந்தா என்ன ஆகும்?"

"அதெல்லாம் எங்கக்கா வரப்போகுது."

"நல்லா இருக்கே கதை. நீயே ரெட்டைதானே."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மாற்றிய ஸ்டைல்ஷீட் நடைமுறைக்கு வந்தது.

தம்பி கேட்கும்போதெல்லாம் அவனுடைய ஆஸ்பத்திரியில் தங்கள் கோப்பைப் பார்த்து, "இருக்கீங்க சார்," என்றார்கள். பொய்யில்லை. அந்தக் கோப்பில் அவன் இன்றும் இருக்கிறான். பொதுப் பட்டியலில்தான் இல்லை.

கைபேசியைத் தலையணை ஓரத்தில் வைத்துக்கொண்டே அவன் படுத்திருந்தான். சிறுநீரகம் கிடைத்திருப்பதாக அழைப்பு எனக்கு வந்தது. தன் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, "போடா, போய்ட்டு வா. அடுத்தது எனக்குத்தான்," என்றான். என் தையல் பிரிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

நீங்கள் தேதிகளை ஒப்பிட்டிருப்பீர்கள். அவனுடைய புள்ளிகள் என்னைத் தாண்டிவிட்டதாக டாக்டர் சொன்ன அன்று மத்தியானமே சாவியிலிருந்து பெயரை எடுத்தேன். ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒரே ஒரு பதிவை நினைத்துத்தான் எடுத்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா இப்போதெல்லாம் என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "என்னம்மா," என்று போய் நிற்கிறேன். சாப்பிடச் சொல்கிறாள், சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் குறையவில்லை.