மொய்துவின் ராப்பலகை

மழைக்காலத்தில் கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஈரத்துணி ஆகாது, சார். பழைய செய்தித்தாள்தான் சரி. கொச்சங்காடியில் எங்கள் ஊர்ச்சரித்திர மியூசியத்துக்கு வருகிறவர்கள் முதலில் பாராட்டுவது கண்ணாடியைத்தான்.

மிளகு மூட்டை அடுக்கிய பண்டகசாலையில் ஒரே ஓர் அறை. ரிட்டயரான வாத்தியார் ராமபத்ரன் 1957-இல் அதைத் திறந்து, சாவியை என்னிடம் கொடுத்தார். இந்தச் சீனியம்மாளுக்குத் தெரியாமல் இந்தச் சந்தில் கப்பைக்கிழங்குகூட வேகாது என்பது அவருக்குத் தெரியும். யார் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா? ஒரு விதி வைத்தார்: இறந்தவர்களின் பொருளைத்தான் வாங்க வேண்டும். இருக்கிறவர் திருப்பிக் கேட்பார். அபூபக்கர் அப்படித்தான் தன் தராசைத் தூக்கிக்கொண்டு போனார், போகும்போது சாயாவும் குடித்துவிட்டு.

நடு அலமாரி காலியாகவே கிடந்தது.

எங்கள் சந்து லதீஃபாவின் புருஷன் மொய்து பாய்க்கப்பலில் பாஸ்ராவுக்குப் போய் இரண்டு வருஷம், தகவல் இல்லை. நட்சத்திரத்தை அளந்து வழி பார்க்கும் ராப்பலகை ஒன்று, அவர் கையால் செய்தது, வீட்டில் இருந்தது. கேட்டேன்.

"அவரு வந்து கேட்டா நான் என்னக்கா சொல்லுவேன்?" என்றாள்.

இந்தச் சந்தில் தமிழ் பேசுவார்கள், படிக்கத்தான் ஆளில்லை. பிள்ளைகள் எல்லாம் மலையாளம். தமிழ்க் கடிதம் வந்தால் தபால்காரர் என்னிடம் தருவார், நான் வீட்டுக்குப் போய்ப் படிப்பேன். 1958 ஆடியில் மொய்து எழுதியது வந்தது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். 'ஒரு வரி எழுது, அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.'

"யாரு எழுதினதுக்கா?"

"கப்பல்ல கூட இருந்தவரு," என்றேன். காய்ச்சலில் மொய்து போய்விட்டார், அங்கேயே அடக்கம் என்று நிதானமாகப் படித்தேன்.

"இதுல அவரு பேரு எங்க இருக்கு?"

காட்டினேன், கடைசி வரியில். அதில் பொய்யில்லை.

கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றினாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா, நாலு மாசம் பத்து நாள் இருந்தாள். முடிந்த மறுநாள் பலகையையும் கருகமணியையும் அவளே கொண்டுவந்து தந்தாள். கடிதத்தை மட்டும் தரவில்லை. தலையணைக்குள் தைத்து, மூன்று வருஷம் அதன்மேல்தான் தலை வைத்துப் படுத்தாள்.

மொய்து இன்னும் ஐந்து கடிதம் எழுதினார். பாவம், மனுஷர் ஏங்கக் கூடாதே என்று 1959-இல் ஒரு பதில் போட்டேன்: லதீஃபா அம்மை கண்டு மவுத்தாகிவிட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டார்.

1961 மழையில் லதீஃபா நிஜமாகவே போனாள். நோய் ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டே வந்தாள்.

போன வியாழக்கிழமை மொய்து காலை இழுத்துக்கொண்டு வந்தார். நேரே அவளை அடக்கிய கபருக்குப் போனார். கல்லில் வருஷத்தைப் பார்த்தார். என் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அவள் வீட்டில் தலையணையைப் பிரித்தார்களாம். அதன்பின்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்திருக்கிறார்.

எல்லாம் நான் செய்ததுதான், சார். மறுக்கவில்லை. ஆனால் ராப்பலகையை அவர் கேட்கவே இல்லை; வெறும் தலையணை உறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதனால் அது நடு அலமாரியிலேயே இருக்கிறது, பக்கத்தில் அவள் கருகமணி. இந்த ஊரில் அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது நான் ஒருத்திதான்.