மலைக்குப் போட்ட ஸ்பிரிங்

எங்கள் ஒரகடம் பக்கம் மேடு என்று சொல்லிக்கொள்ள ஏரிக்கரை ஒன்றுதான் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு மொபெட் தயார் செய்தவன் நான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொபெட் கம்பெனி இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு ஏஜென்சி தருவதாக இருந்தது. கேட்டவர்கள் இரண்டு பேர்: நானும், படப்பையில் கடை வைத்திருந்த தசரதனும். என் தங்கை மீனம்மாளின் புருஷன். ஏற்காட்டுக்குக் கால் ஊன்றாமல் வண்டியை ஏற்றிக் காட்டுகிறவருக்கு ஏஜென்சி என்றார்கள். திங்கள் அவன், செவ்வாய் நான்.

தசரதனுக்கு விற்கத் தெரியும்; கிளட்சைத் திறக்கத் தெரியாது. என்னிடமே வந்தான்.

"மச்சான், மேல போனா காத்து கம்மியாம். வண்டி மூச்சு வாங்குமாமே?"

"வாங்கும் மாப்ளே. உன்ன மாதிரியேதான்."

மனம் வைத்துச் செய்தேன். கிளட்சுக்குள் மூன்று கட்டைகள் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அவை விரிந்து டிரம்மைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றும். ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுக்கும். மலையில் எஞ்சின் சோர்ந்துவிடும் என்பதால், நன்றாகச் சுற்றிய பிறகே பிடிக்கும்படி விறைப்பான ஸ்பிரிங் போட்டேன். காற்று குறைகிற இடத்தில் பெட்ரோலும் குறைவாகப் போகட்டும் என்று கார்பரேட்டருக்குச் சின்ன ஜெட். வெள்ளாடு மாதிரி ஏறும்.

இறங்கும்போது வேறு கதை. மெதுவாகப் போனால் விறைத்த ஸ்பிரிங் கிளட்சை விடுவித்துவிடும். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பாரமெல்லாம் பிரேக் தலையில். இருபது கொண்டை ஊசி வளைவில் அந்தச் சின்ன பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். உச்சியிலேயே பழைய ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் பல்லைக் கேட்டால் பல்லைச் சொல்வோம், சுழியைக் கேட்டால் சுழியை. முட்டுமா என்று கேட்காதவனிடம் முட்டும் என்று சொன்னால் தரகன் பிழைக்க முடியுமா? தசரதன் ஏறத்தான் கேட்டான். ஏற்றிவிட்டேன். ஒரு வளைவிலும் கால் ஊன்றவில்லையாம். உச்சியில் மாலை போட்டார்கள். அதே மாலையோடு இறங்கினான். பதினோராவது வளைவு வரைக்கும் இறங்கினான்.

மிச்சம் ஒருவன்தானே, இனிச் சோதனை எதற்கு என்று கம்பெனிக்காரர்களே ஏஜென்சியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இறங்குவதைப் பற்றி அவன் கேட்கவே இல்லையா என்கிறீர்கள். நியாயமான கேள்வி. கிளம்புகிற காலையில் கேட்டான்.

"பழைய ஸ்பிரிங்க எடுத்துக்கினு போவட்டா மச்சான்? எறங்கசொல்ல எதுனா வேணுமா?"

"வண்டிக்கு எதுக்குப்பா வீண் சொம? இங்கியே கெடக்கட்டும்" என்றேன்.

அந்தப் பழைய ஸ்பிரிங் மூன்றும் எண்ணெய் தடவி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. மீனம்மாள் வந்து கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.