ஷம்ஸாவுக்குப் பிடிக்காத சைலேஜு

திங்கலைன்னா திங்கலைதான் சார். அதுக்குக் காரணம் நான் எங்க போயிக் கேக்குறது. நீங்க தீவனக் கம்பெனிக்காரரு, ஏதாவது ஒரு இங்கிலீசுப் பேரு வச்சு எழுதிக்கங்க. என் பேரா? பாண்டித்துரை, பரமக்குடிப் பக்கம். இந்த அரபு நாட்டு லிவா மணல்ல ஒம்பது வருசமா ஒட்டகம் பாக்குறேன். முரளிதரன் சாருக்குக் கோயம்புத்தூரா? பேசும்போதே நெனச்சேங்க. பாருங்க, அந்த ‘ங்க’ எனக்கும் ஒட்டிக்கிச்சு.

ஷூவுக்குள்ள பாதி பாலைவனம் ஏறியிருக்குமே. கழட்டி உதறிட்டு உக்காருங்க, சுலைமானி டீ போட்டிருக்கேன்.

உங்க சைலேஜ நான் குத்தமே சொல்லல சார். பச்சச் சோளத்தட்டைய நறுக்கி, காத்துப் போகாமச் சுத்தி, புளிக்க வச்சு... எங்க ஊர்ல மாங்காயத்தான் இம்புட்டுப் பாடுபடுத்துவாக. நம்ம ஒட்டகம் ஷம்ஸா பொறந்ததுலருந்து காஞ்ச புல்லு தின்ன பிள்ளை. போன வருசம் ஒட்டக அழகுப் போட்டியில செயிச்சு கபீலுக்கு, அதான் எங்க மொதலாளிக்கு, கார் வாங்கிக் குடுத்த மகராசி. அதுகிட்டப் போயிப் புளிச்ச வாடையோட நீட்டுனா? ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, பந்தியில ரசம் பத்தாமப் போனப்ப என் மச்சானோட சம்பந்தி பாத்த மாதிரி.

ஒரு வாரமும் வச்சுப் பாத்தேன். நீங்க குடுத்த ஏழு மூட்டையும் பிரிச்சாச்சு. மிச்சமா? பிரிச்சு வச்சா இந்த வெயிலுக்கு நிக்குமா, கெட்டுப் போச்சு, கொட்டிட்டோம். எங்கயா? பாலைவனத்துல எங்க கொட்டுனன்னு கேட்டா நான் எந்தத் தெருப் பேரச் சொல்ல.

அந்த ஆடுகளா? அது பக்கத்துப் பண்ணை மீரா சாகிப் ஆடுக. ஆமா, கொஞ்சம் மினுமினுன்னுதான் இருக்குதுக. நல்லாத்தான் சார் நோட்டம் விடுறீங்க.

வேலையா? காஞ்ச புல்லுன்னா வேலை ஜாஸ்திதான். லாரி வந்தா நானும் ஆரிப்பும் புல்லுக் கட்ட எறக்கணும். ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உதறணும், தூசி போகணும், கட்டுன கயிறு துண்டு துக்காணி இருந்தாப் பொறுக்கணும். கயிறு வயித்துக்குள்ள போச்சுன்னா ஒட்டகம் கலாஸ். உங்க மூட்டைக்கு அந்தத் தொந்தரவெல்லாம் மாபி, ஒண்ணும் கிடையாது. ஒத்த ஆளு கிழிச்சுக் கொட்டிட்டுப் போயிருவான்.

ஆரிப்பா, அந்தாத் தொட்டி கழுவுறான்ல, அவன்தான். முல்தான்காரன். ஆறு வருசமா ஒரே ரூமு. அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி அரைகுறை, ஆனா சண்ட மட்டும் தெளிவாப் போட்டுக்குவோம். ரொட்டி அவன் டூட்டி, கொழம்பு என் டூட்டி. என் கொழம்பத் தின்னு இன்னும் உசுரோட இருக்கான்னா பாத்துக்கங்க.

எங்க சார் எந்திரிச்சிட்டீங்க? கார்ல ஒரு மூட்டை வச்சிருக்கீங்களா? வேணாம் சார், அது இப்பத்தான் தின்னுச்சு. கிட்டப் போகாதீங்க, புது ஆளப் பாத்தாத் துப்பும். சட்டை நல்ல சட்டையா இருக்கு. சார்...

சரி. தின்னுது. கைய எடுங்க, அதையும் சேத்துத் தின்னுரப் போகுது.

மொத நாளும் இப்படித்தான் சார், வாளிக்குள்ள விட்ட தலைய வெளிய எடுக்கல. மக்கியா நாள்லருந்துதான் ஆட்டுக்குப் போட்டேன். கோவிச்சுக்காதீங்க, உங்க பொழப்பக் கெடுக்கணும்னு இல்ல.

அந்த மொத நாள் சாயங்காலம் கபீல் வந்தாரு. நல்ல மனுசன், சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டாரு. டீயக் குடிச்சுக்கிட்டே கேட்டாரு, ஷம்ஸா இதத் தின்னுச்சுன்னா இனிமே இங்க ஒரு ஆளு போதும், ரெண்டு பேருல யார ஊருக்கு அனுப்பலாம், நீதான் பழைய ஆளு, நீயே சொல்லுன்னு. எனக்கு ரெண்டு பிள்ளைக படிக்குதுக, அவனுக்கு மூணு. அவன அனுப்புங்கன்னும் வாய் வரல, என்னைய அனுப்புங்கன்னும் வாய் வரல. அதான், ஒட்டகம் திங்கலைன்னு சொல்லிட்டேன்.